சோற்றைக் குறை என்கிறார்கள். பருப்பை யார் தருவது?

அதிகாலை 5 மணி. வேப்பனப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் டீக்கடை அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கின்றன. ஓசூருக்கும் சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வண்டிகள் வந்து நிற்கின்றன. சீருடை போட்ட வாலிபர்கள் ஒரு கையில் டீயும் மறு கையில் பீடியுமாக நிற்கிறார்கள். தக்காளி பறிக்கவும் களை எடுக்கவும் போகும் பெண்கள் தூக்குப் பாத்திரத்தோடு ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற எல்லைப்புறம் இது. மூன்று பாஷையிலும் இன்று அடிக்கடி காதில் விழுகிற சொல் ஒன்று உண்டு. அது "சுகர்".

யாருக்கு என்று கேட்டால், வண்டி ஏறப் போகிற முப்பத்தைந்து வயது ஒப்பந்தத் தொழிலாளி கை தூக்குகிறார். களை எடுக்கப் போகிற நாற்பது வயது அம்மாளும் கை தூக்குகிறார். இருவரும் ஒல்லி. இருவரும் ஆஸ்பத்திரியில் கேட்டுவந்த புத்திமதி ஒன்றேதான்: "சோத்தைக் குறைங்க."

அந்த அம்மாள் திருப்பிக் கேட்டாராம்: "சோத்தைக் கொறச்சிட்டு எதைங்க சாப்பிடறது?"

டாக்டர் பதில் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. கூலியும் ரேஷனும் கேண்டீனும் விளைநிலமும் சேர்ந்து பதில் சொல்லவேண்டிய கேள்வி அது. அந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பணக்காரன் வியாதியா?

சர்க்கரை வியாதி என்பது உட்கார்ந்து தின்கிறவனுக்கு வருவது, உழைக்கிறவனை அண்டாது என்று நாம் வெகுகாலம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் பொய்த்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 14 பேருக்கு மேல் இந்த வியாதி உண்டு. அதே ஆய்வின் மற்றொரு பகுதி 2025ல் வந்தது. நம் ஜனங்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. புரதம் 12 சதவீதம்தான் என்று அது கண்டது.

மாவுச்சத்து என்றால் சோறு, களி, இட்லி, பரோட்டா, கிழங்கு, சர்க்கரை எல்லாம். வயிற்றில் கரைந்ததும் இவை ரத்தத்தில் சர்க்கரையாகின்றன. உழைக்கிற தசை அந்தச் சர்க்கரையை எரிக்கிறது. ஏர் ஓட்டியும் கமலை இறைத்தும் வாழ்ந்த பாட்டன் பெரிய உருண்டை களி தின்று அதைப் பகல் முழுதும் எரித்தான். பேரன் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகாணியை முறுக்குகிறான். கால் கடுக்கிறது, இடுப்பு நோகிறது, கண் எரிகிறது. ஆனால் உடம்பு எரிக்கும் கலோரி பாட்டனுடையதைவிட வெகு குறைவு. களைப்பு வேறு, கலோரி வேறு. முதலாளி தொழிலாளியின் களைப்பைக் கூட்டிவிட்டு அவன் உடம்பின் அசைவைக் குறைத்துவிட்டான். அதன்மேல் வாரத்துக்கு வாரம் மாறுகிற இரவு ஷிப்ட் வேறு. தூங்கவேண்டிய நேரத்தில் சோறு தின்றால் சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி உடம்புக்குக் குறைகிறது.

பசியை அடக்கும் வித்தை

இதற்கு நகரத்தில் ஒரு புது வேதம் பிறந்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறை, பசியை அடக்கு என்பது அதன் மந்திரம். புதியதும் அல்ல. 1863ல் லண்டனில் பான்டிங் என்ற ஒருவர் ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பீர் எல்லாவற்றையும் விட்டு உடம்பு இளைத்த கதையைப் பிரசுரமாகப் போட்டார். அவர் பெரிய இடத்துச் சாவுகளுக்கு ஈமச்சடங்கு ஏற்பாடு செய்கிற தொழில் நடத்தியவர். நம் தமிழ்நாட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக "பேலியோ" என்ற பெயரில் இதே வழி பரவியிருக்கிறது. காலையில் 100 பாதாம், பகலில் காய்கறியும் நெய்யும், இரவில் கறியோ பன்னீரோ, சோறு கிடையாது. அதனால் பலருக்குச் சர்க்கரை இறங்கியது உண்மை. ஆனால் 100 பாதாம் என்பது ஏறக்குறைய 120 கிராம். ஒரு ஆளின் ஒரு காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் சுமார் 100 ரூபாய். வீட்டில் நான்கு பேர் என்றால்?

அதற்கும் மேலே ஊசி வந்துவிட்டது. பசியையே அடக்குகிற ஊசி. வாரம் ஒன்று போட்டுக்கொண்டால் சாப்பாட்டின்மேல் நாட்டமே குறைந்துவிடுமாம். 2025 மார்ச் மாதம் அத்தகைய ஊசி ஒன்று இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, குறைந்த அளவுக்கே மாதம் 14,000 ரூபாய் ஆயிற்று. அதே 2025ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். அதாவது ஒரு மாதம் பசிக்காமல் இருப்பதற்கு ஒரு விவசாயத் தொழிலாளி 42 நாள் வேலை செய்யவேண்டும்!

பசியை அடக்கும் வித்தை நமக்குப் புதிதா, தோழர்களே? கட்டாந்தரையில் கல் உடைக்கிறவருக்கும் கங்காணியின் கண்ணெதிரே களை எடுக்கிறவருக்கும் அந்த வித்தை தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பதினொரு மணிக்கு வயிறு கேட்டால் ஒரு டீ. ஒரு மணிக்குக் கேட்டால் ஒரு பீடி. மாலையில் கேட்டால் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை. மேல்தட்டு மனிதன் உணவு மிகுந்து பசியை அடக்குகிறான். நாம் உணவு இல்லாமல் அடக்கினோம். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நியாயமாகாது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கமாட்டோம். பணக்காரன் சொல்கிறான் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது. தீட்டிய அரிசிச் சோறு சீக்கிரம் கரைகிறது, ரத்தத்தில் சீக்கிரம் ஏறுகிறது, சீக்கிரம் இறங்குகிறது. மறுபடியும் பசி. பருப்பு, பயறு, முட்டை, மீன், கீரை இவை மெல்லக் கரைகின்றன, பசியைத் தள்ளிப்போடுகின்றன. பசியை அடக்கச் சிறந்த மருந்து புரதமும் நார்ச்சத்தும் உள்ள சாப்பாடுதான். ஊசியும் பீடியும் அதற்குப் பிறகு. 2024ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையம் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. அரிசி, கோதுமை, ராகி உட்பட எல்லாத் தானியங்களும் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் 45 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது.

சோற்றின் மானம்

சோற்றைப் பழிப்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. அரிசிச் சோறு நமக்கு வெறும் மாவுச்சத்து அல்ல. அது மானம். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் பண்ணையாரின் வீட்டில் தினமும் சோறு. கூலிக்காரன் வீட்டில் பண்டிகைக்குச் சோறு, மற்ற நாளெல்லாம் களியும் கூழும். தஞ்சைத் தரணியில் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டு, சங்கம் வைத்து நின்றதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் கருக்கப்பட்டன. அளந்து போடுகிற ஒரு கைப்பிடி நெல்லுக்காக அப்படிப் போராடிய வர்க்கத்திடம் போய், சோறு விஷம் என்று சொல்வது அவமானம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. அது நம்மைப் பட்டினியிலிருந்து மீட்டது. அதைக் குறைக்க எவன் முனைந்தாலும் நாம் எதிர்ப்போம்.

நம் புகார் சோற்றின்மேல் அல்ல. சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியவை இல்லாததன் மேல்.

குன்னூர் எலிகள் சொன்ன பாடம்

நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நீலகிரியில் இதை எலிகள் நிரூபித்துக் காட்டின. 1918ல் குன்னூரில் மக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். பெரிபெரி என்னும் கை கால் விளங்காமற்போகும் வியாதியைப் பற்றி ஆராய்வதற்காக ஏற்பட்டது அது. பின்னர் இந்தியாவின் பல பிரதேசத்து ஜனங்கள் உண்ணும் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைவிட்ட பயறு, காய்கறி, இடையிடையே கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் வளர்ந்து கொழுத்தன. தீட்டிய அரிசியும் கொஞ்சம் குழம்பும் என்று சென்னை ராஜதானி ஏழையின் சாப்பாடு தின்ற எலிகள் குட்டையாய், நோஞ்சானாய் நின்றன.

எலிகளெல்லாம் ஒரே ஜாதி எலிகள்தாம். தட்டுதான் வேறு. தமிழன் பிறவியிலேயே சோனி என்று சொன்ன துரைமார்களுக்கு அவர்களுடைய டாக்டரே கொடுத்த பதில் அது. அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிலையம் ஆயிற்று. மேலே சொன்ன 2024 வழிகாட்டி அங்கிருந்து வந்ததுதான்.

ஒல்லியாய் இருப்பவருக்கு எப்படிச் சர்க்கரை வருகிறது என்ற கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. அது ஹாலந்திலிருந்து வருகிறது. 1944 செப்டம்பரில் ஹாலந்து ரயில்வே தொழிலாளர்கள் நாஜிப் படைகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். பழிவாங்க நாஜிகள் உணவு வண்டிகளைத் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் நகரங்களில் ரேஷன் ஆளுக்கு 1,000 கலோரிக்கும் கீழே விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அப்போது தாய் வயிற்றில் இருந்த குழந்தைகளை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்கு ரத்தச் சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி குறைந்திருந்தது. தாயின் பட்டினி பிள்ளையின் உடம்பில் கணக்கெழுதி வைத்துவிடுகிறது. ஹாலந்துக்கு அது ஒரு குளிர்காலம். நமக்கோ அது எத்தனை தலைமுறை! பட்டினியால் வார்க்கப்பட்ட உடம்பின்மேல், ஒரே தானியத்தைக் கொண்டுவந்து கொட்டினால் அது என்ன செய்யும்?

கூலிக் கணக்கில் விடுபட்டது

மக்காரிசனுக்குப் பின் குன்னூர் நிலையத்தை நடத்தியவர் அய்க்ராய்டு. தொழிற்சங்க ஊழியர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 1957 ஜூலையில் டில்லியில் கூடிய 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவைக்கேற்ற குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட அவருடைய அளவைத்தான் எடுத்துக்கொண்டது. குடும்பத்தில் மூன்று அலகு, ஒரு அலகுக்கு ஒரு நாள் 2,700 கலோரி, தலைக்கு ஆண்டுக்கு 18 கெஜம் துணி, வீட்டு வாடகை தனியாக, விறகு, விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம். போராடிப் பெற்ற கணக்கு அது. அதை ஒழுங்காகக் கொடுத்த முதலாளி எத்தனை பேர் என்பது வேறு கதை.

அய்க்ராய்டின் சமச்சீர் உணவுப் பட்டியலைப் பாருங்கள். தானியம் 14 அவுன்ஸ், அதாவது சுமார் 400 கிராம். பருப்பு 3 அவுன்ஸ், சுமார் 85 கிராம். பால் 10 அவுன்ஸ். கீரை, காய், பழம், மீன் அல்லது கறி, முட்டை எல்லாம் அதில் உண்டு. ஆனால் பேரம் பேசும் மேஜையில் நின்று நிலைத்தது பட்டியல் அல்ல. 2,700 என்ற எண் மட்டுமே. 2020ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கூலிச் சட்டத்தின் வரைவு விதிகளிலும் அதே 2,700தான்.

2,700 கலோரியை வெறும் அரிசியாலேயே நிரப்பலாம். முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே அரிசி போதும். கணக்குப்பிள்ளைக்குக் கணக்கு நேராகிவிடும். தொழிலாளியின் ரத்தத்தில்தான் கணக்கு தவறும். கலோரி என்பது எஞ்சினுக்கு நிலக்கரி. புரதம் என்பது எஞ்சினையே பழுதுபார்க்கும் இரும்பு. முதலாளிக்கு நிலக்கரியைப் பற்றி மட்டுமே கவலை. எஞ்சின் தேய்ந்தால் வாசலில் வேறு எஞ்சின் காத்திருக்கிறது!

ரேஷன் கடையில் நிலை என்ன? ஒரு கார்டுக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய்க்கு. 2007 முதல் நடக்கும் இந்தத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் நான்கு பேர் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம்தான் வருகிறது. அய்க்ராய்டு சொன்னதில் பத்தில் ஒரு பங்கு.

கேண்டீனுக்குப் போவோம். சோறு அளவில்லை, எவ்வளவு கேட்டாலும் போடுவார்கள். பொரியல் ஒரு கரண்டி. சாம்பாரில் பருப்பைத் தேட விளக்குப் பிடிக்கவேண்டும். முட்டைக்குத் தனிக் காசு. இதைத் தாராளம் என்று நினைக்காதீர்கள். எது மலிவோ அது தாராளம். எது உடம்புக்கு வேண்டுமோ அது அளவு.

2021 ஆகஸ்ட் 5 அன்று நமது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிற்று. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வரவேற்கிறோம். அதைக் கொண்டுவரும் பெண் ஊழியர்களை வாழ்த்துகிறோம். ஆனால் மாத்திரை வாசலுக்கு வருகிறது, பருப்பு வரவில்லையே! வியாதிக்கு மருந்து தரும் சர்க்கார், வியாதி வராமல் காக்கும் சாப்பாட்டையும் தரவேண்டும் என்று கேட்பது பேராசையா?

வயல் மறந்த பாடம்

இந்த மண்ணுக்கு ஒரு பழைய ஞானம் உண்டு. மானாவாரி ராகிக் காட்டில் சில சால் ராகிக்கு ஒரு சால் அவரை போடுவார்கள். வரப்போரம் ஆமணக்கு. பின்மழையில் கொள்ளு. வயல் எப்படியோ தட்டும் அப்படி: களி உருண்டை, பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு அல்லது கொள்ளுக் கடைசல், காட்டில் பறித்த கீரை.

ராகியைப் பற்றி இன்று பெரிய விளம்பரம் நடக்கிறது. அதனால் உண்மையைச் சொல்லிவிடுவோம். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். அரிசியில் அது சொற்பம். நார்ச்சத்து ராகியில் சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஆனால் மாவுச்சத்து இரண்டிலும் மிகுதிதான். ராகியிலும் 100க்கு 70 பங்கு அளவு உண்டு. ராகி தின்றால் சர்க்கரை வராது என்று எவராவது பொட்டலம் கட்டி விற்றால் நம்பாதீர்கள். நைசாக அரைத்து வெல்லம் போட்டுக் குடிக்கிற ராகிக் கஞ்சி சோற்றைப்போலவே சர்க்கரையை ஏற்றும். ராகியின் பலம் அதன் ஜோடியில் இருந்தது. கொள்ளில் 100க்கு 22 பங்கு புரதம். அவரையும் அதே ரகம். ஜோடியைப் பிரித்துவிட்டு ராகியை மட்டும் கொண்டாடுவது, மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்துவது போல.

ஜோடியைப் பிரித்தது யார்? 2025-26க்கு ராகிக்குச் சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கொள்ளுக்கும் அவரைக்கும் ஆதரவு விலைப் பட்டியலில் இடமே கிடையாது. விலைக்கு உத்தரவாதம் இல்லாததை ஏழை விவசாயி எத்தனை நாள் விதைப்பான்? சால் சாலாக அவரை மறைந்தது. வயலில் மறைந்தது தட்டிலும் மறைந்தது.

வீட்டுக்குள் ஒரு விசாரணை

முதலாளியையும் சர்க்காரையும் கேட்டுவிட்டோம். நம்மையும் கேட்டுக்கொள்ளவேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது. அதே ஆய்வு 100க்கு 40 பெண்களுக்கு உடம்பு எடை மிகுதி என்றும் சொல்கிறது. ரத்தம் இல்லை, எடை உண்டு. இது எப்படி? குழம்புச் சட்டியின் அடியைப் பாருங்கள், புரியும். ஆண் முதலில் உண்கிறான். பிள்ளைகள் அடுத்து. பருப்பும் முட்டையும் கறித்துண்டும் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. கடைசியில் உட்காரும் பெண்ணுக்கு மிஞ்சிய சோறும் வெறும் ரசமும். கணக்கு எழுதியவர்களும் மனைவியின் வயிற்றை 0.8 அலகு என்றுதான் எழுதினார்கள். நாமும் அதற்குக் கீழேயே எழுதுகிறோம். சங்கத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் சட்டியின் மேற்பாகத்தை நாமே எடுத்துக்கொள்வது நியாயமா? ஒரு முட்டை இருந்தால் அதைப் பாதியாக்குவதில் தொடங்கட்டும் நம் சோஷலிஸம்.

இன்றே செய்யக்கூடியவை

போராட்டம் வெல்கிறவரை வயிறு காத்திருக்காது. நம் கைக்கு எட்டியவற்றைச் சொல்கிறோம்.

சோற்றை ஒழிக்கவேண்டாம். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி பயறோ கடைசலோ வையுங்கள். வெறுமனே குறைத்தால் அது பட்டினி. மாற்றி வைத்தால்தான் அது உணவு. முதலில் பருப்பையும் கீரையையும் தின்றுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போங்கள். சர்க்கரை மெல்ல ஏறும்.

டீயைக் கணக்குப் பாருங்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். ஆறு டீக்கு 60 கிராம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015ல் வகுத்த மேல் வரம்பு ஏறக்குறைய 50 கிராம். அதிலும் பாதியே நல்லது என்கிறது. டீயிலேயே வரம்பு உடைந்துவிட்டது. சர்க்கரையைப் பாதியாக்கப் பழகுங்கள். பதினைந்து நாளில் நாக்கு பழகிவிடும்.

டீக்கடையில் போண்டாவுக்குப் பதில் சுண்டல் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் போடுவார். ஒரு கை வேர்க்கடலை பாதாமுக்குத் தம்பியல்ல, அண்ணன். புரதத்தில் அதற்குக் குறைந்தது அல்ல, விலையில் மிகக் குறைவு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. இரவு ஷிப்ட் போகிறவர்கள் வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிட்டு, நடு இரவில் சுண்டலோ முட்டையோ அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் யாரோ சொன்னதைக் கேட்டுத் திடீரென்று சோற்றை நிறுத்தக்கூடாது. சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் போட்டுவிடும். யந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவருக்கு அது உயிராபத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் உணவை மாற்றக்கூடாது. மண் சுமந்து கல் உடைக்கிற கடும் உழைப்பாளிக்குச் சோறும் களியும் மற்றவரைவிடக் கூடுதலாகத்தான் வேண்டும். முப்பது வயது கடந்தவர்கள் எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள். காசு கிடையாது.

தட்டுக்கான போராட்டம்

மற்றவை சங்கத்தின் வேலை. முடியாத காரியம் என்று யாரும் சொல்லவேண்டாம். 1956ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வந்தபோது, பிள்ளை வயிறு நிறைந்தால் போதும் என்பதே நோக்கமாக இருந்தது. 1982ல் அது சத்துணவு ஆயிற்று. பின்னர் முட்டை வந்தது. இன்று வாரத்தில் 5 முட்டை. பிள்ளையின் தட்டு மாறியது. அப்பன் ஆத்தாள் தட்டும் மாறும்.

கேண்டீனைப் பிடியுங்கள். 1948 தொழிற்சாலைச் சட்டம் 250 தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலையில் கேண்டீன் வேண்டும் என்றது. அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு வழி வைத்தது. 2025 நவம்பர் 21ல் நம் எதிர்ப்பை மீறி அமலாக்கப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அதில் ஒரு வரி நமக்கு ஆயுதம்: ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தால் கேண்டீன் உண்டு. போனஸ் கோரிக்கைப் பட்டியலில் இனி ஒரு வரி சேரட்டும்: வேளைக்கு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு அல்லது பயறு, ஒரு முட்டை, ஒப்பந்தக்காரருக்கும் நிரந்தரத்துக்கும் ஒரே தட்டு.

ரேஷனைப் பிடியுங்கள். 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். விரும்புகிற எல்லாக் கார்டுக்கும் அது கிடைக்கவேண்டும். அரிசியைக் குறைக்காமல், ஆளுக்கு மாதம் 1 கிலோ பருப்பாவது தரவேண்டும். அந்தப் பருப்பில் நம் காட்டுக் கொள்ளும் அவரையும் இருக்கட்டும்; அவற்றுக்கு ஆதரவு விலை வைத்துச் சர்க்கார் நேரே வாங்கட்டும். அப்போது ஆலைத் தொழிலாளியின் தட்டும் விவசாயியின் காடும் ஒரே கயிற்றில் கட்டப்படும்.

கூலியைப் பிடியுங்கள். 2,700 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பேரம் பேசவேண்டாம். அய்க்ராய்டின் முழுப் பட்டியலையும் மேஜையில் வையுங்கள். தானியத்துக்கு என்ன விலை, பருப்புக்கு என்ன விலை, பாலுக்கு, முட்டைக்கு, காய்க்கு, மீனுக்கு என்ன விலை என்று வேப்பனப்பள்ளிச் சந்தை விலையிலேயே கூட்டிக் காட்டுங்கள். கூட்டுத்தொகையே நம் கோரிக்கை.

நம் பாட்டன் சோற்றுக்காகப் போராடினான், வென்றான். நாம் சோற்றின் பக்கத்தில் இருக்கவேண்டியதற்காகப் போராடுகிறோம். களை எடுக்கப் போகிற அந்த அம்மாளின் தூக்குப் பாத்திரம் நாளைக் காலை திறக்கும்போது அதில் சோறும் இருக்கட்டும், கொள்ளுக் கடைசலும் இருக்கட்டும், ஒரு முட்டையும் இருக்கட்டும். அன்றைக்கு டாக்டர் "சோத்தைக் குறைங்க" என்றால் அவர் சிரித்துக்கொண்டே "சரிங்க" என்பார்.